வானத்துக்கு யார் ஜாமீன்?

விமானி ஆக ஆசைப்படும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் அரைக் கோடி ரூபாய்க்குத்தான். மகாராஜா கொடுத்த காலம் போய், வீட்டுப் பத்திரம் கொடுக்கும் காலம் வந்த கதை.

தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போகும் பஸ் ஹெப்பாளைத் தாண்டி பெல்லாரி சாலையின் மேம்பாலத்தில் ஏறியதும் வலப்பக்கம் ஒரு திறந்தவெளி தெரியும். சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருக்கிக்கொண்டிருக்க, நடுவில் ஓர் ஓடுபாதை, சில கொட்டகைகள், காரைவிடக் கொஞ்சம் பெரிதான சில விமானங்கள். பஸ்ஸில் இருப்பவர்கள் பெரிய விமானத்தைப் பிடிக்கப் போகிறார்கள். அந்தப் பெரிய விமானத்தை ஓட்டுகிறவர் பெரும்பாலும் இதுபோன்ற ஒரு சின்ன மைதானத்திலிருந்துதான் கிளம்பியிருப்பார். அதற்காக அவர் வீட்டில் எதை விற்றார்கள், எதை அடகு வைத்தார்கள் என்பது டிக்கெட்டில் அச்சாவதில்லை.

இதுதான் ஜக்கூர். கர்நாடக அரசின் விமானப் பயிற்சிப் பள்ளி இருக்கும் இடம். நாட்டின் விமானத் தொழிலுக்கே தலைநகரம் என்று சொல்லிக்கொள்ளும் பெங்களூரில், ஒரு சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை பறக்கக் கற்றுக்கொள்ள என்ன வழி என்று விசாரித்தால், விசாரணை இங்கே தொடங்கி வங்கி மேலாளரின் மேஜையில் போய் முடிகிறது.

கணக்கு எளிமையானது, ஈவிரக்கமற்றதும்கூட. வணிக விமானி உரிமம் வேண்டுமென்றால் வயது 18 ஆகியிருக்க வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்கிறது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். அந்த 200-ல் 100 மணி நேரமாவது தானே விமானத்தின் பொறுப்பாளராக ஓட்டியிருக்க வேண்டும். இரவுப் பயணம், ஊர் விட்டு ஊர் போகும் நீண்ட பயணம், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் தனி மணிக்கணக்கு உண்டு. மணிக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் என்று குறைத்து வைத்துக்கொண்டாலே 30 லட்சம். தரை வகுப்பு, தேர்வுகள், மருத்துவப் பரிசோதனை, இரட்டை எஞ்சின் பயிற்சி, தங்கும் செலவு எல்லாம் சேரும்போது 40, 50 லட்சத்தில் வந்து நிற்கிறது. மத்திய அரசே உத்தரப் பிரதேசத்தில் ராய்பரேலி அருகே ஃபர்சத்கஞ்சில் நடத்தும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உடான் அகாடமியிலேயே கட்டணம் 45 லட்சம் ரூபாயைத் தொட்டுவிட்டது. உரிமம் வாங்கிய பிறகும் செலவு முடிவதில்லை. ஏர்பஸ் 320 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி எடுக்க வேண்டும். அதற்கு இன்னொரு பத்துப் பதினைந்து லட்சம்.

பணம் எங்கே போகிறது? பெருமளவு புகையாகத்தான். பயிற்சி விமானத்தின் பிஸ்டன் எஞ்சின் குடிப்பது ஜெட் விமானங்களின் எரிபொருளை அல்ல, 'ஏவ்கேஸ்' என்னும் உயர்ரகப் பெட்ரோலை. இந்தியாவின் தேவைக்கு அது நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது. இந்தியன் ஆயில் 2022-ல்தான் உள்நாட்டில் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. விமானம், உதிரிபாகம், எஞ்சினைக் குறித்த மணிக்கொரு முறை பிரித்துப் பூட்டும் செலவு எல்லாமே டாலரோடு ஏறி இறங்குபவை. அல்லது ஏறுபவை.

டாக்டருக்கும் என்ஜினீயருக்கும் அரசுக் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. மார்க் இருந்தால் கூலித் தொழிலாளியின் மகளும் சில ஆயிரங்களில் படித்து முடிக்கலாம். விமானிக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. அரசுப் பள்ளி உண்டு, அரசுக் கட்டணம்தான் இல்லை.

மகாராஜா காலம்

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஜக்கூர் பள்ளியின் பிறப்பே ஒரு கொடையில்தான் தொடங்குகிறது. மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் 200 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைக் கொடுக்க, 1948-ல் பள்ளி உருவானது. அதன் முதல் தலைவராக வந்தவர் ஒரு தமிழர்: வி. சுந்தரம். மகாராஜாவின் சொந்த விமானி அவர். சுந்தரத்தின் மனைவி உஷா, கணவருடன் பறந்து பறந்து விமானத்தின் மீது பித்தாகி, அதே பள்ளியில் சேர்ந்தார். 1949-ல் அங்கே பயின்று வெளிவந்த முதல் மாணவர் அவர்தான். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று உஷா சுந்தரம் குறிப்பிடப்படுவது இதனால். மைசூர் அரண்மனையின் டகோட்டா விமானத்தில் நேருவும் சர்தார் படேலும் பயணம் செய்த நாட்களில் ஓட்டியவர்கள் இந்தத் தம்பதியர். பிரிவினைக் கலவரத்தின்போது எல்லை தாண்டி மக்களை அழைத்துவந்த விமானங்களிலும் அவர்கள் இருந்தார்கள். 1951-ல் சென்னை அரசுக்காக இங்கிலாந்தில் ஒரு டி ஹாவிலண்ட் டவ் விமானம் வாங்கியபோது, அதைக் கப்பலில் அனுப்பாமல் இருவரும் தாங்களே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். லண்டனிலிருந்து பம்பாய் வரை 27 மணி நேரம். அது அந்தக் காலத்துச் சாதனை. அதன்பின் உஷா விமானம் ஓட்டுவதை விட்டுவிட்டார். பிற்பாடு இதே குடும்பம்தான் சென்னையில் விலங்குகளுக்காக 'புளூ கிராஸ்' அமைப்பைத் தொடங்கியது. 2010-ல் உஷா காலமானார்.

உஷாவின் துணிச்சலை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமானம் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. கணவர் ஆசிரியர், கணவரின் எஜமானர் மகாராஜா, பள்ளி அரசாங்கத்தினுடையது. அந்த வட்டத்துக்கு வெளியே நின்ற ஒரு பெண்ணுக்கு ஜக்கூர் வேலி எவ்வளவு உயரமாகத் தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம். 1929-ல் இந்தியாவின் முதல் விமானி உரிமத்தை வாங்கிய ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கும் பணம் ஒரு பிரச்சினையாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

இருந்தாலும் அந்தத் தலைமுறையின் அரசாங்கம் விமானிகளை உருவாக்குவதைத் தன் வேலையாக நினைத்தது. பறக்கும் கிளப்புகளுக்கு மானியம் கொடுத்தது. பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலை அந்த கிளப்புகளுக்கென்றே 'புஷ்பக்' என்ற இரு இருக்கை விமானத்தை வடிவமைத்தது. 1958-ல் முதலில் பறந்த அந்த விமானத்தில் நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் கைபழகினார்கள். பிறகு மானியங்கள் வற்றின, கிளப்புகள் சோர்ந்தன, தனியார் பள்ளிகள் வந்தன.

ஒன்பதாவது இடம்

பணமில்லாத பிள்ளைக்கு அன்றும் இன்றும் திறந்திருக்கும் ஒரே பெரிய வாசல் விமானப்படை. பயிற்சிக்குக் காசு கேட்பதில்லை. தருகிறார்கள்: பறக்கும் பயிற்சிக் காலத்தில் மாதம் ரூ. 56,100 உதவித்தொகை. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வு, பட்டதாரிகளுக்கு 'ஆஃப்கேட்' தேர்வு. 2022 முதல் பாதுகாப்பு அகாடமியில் பெண்களும் சேர்கிறார்கள். தென்னாட்டவர்களுக்கு நேர்முகத் தேர்வு நடக்கும் இடமும் தொலைவில் இல்லை, மைசூரிலேயே ஒரு விமானப்படைத் தேர்வு வாரியம் இருக்கிறது.

வாசல் பெரிது, உள்ளே இடம்தான் குறைவு. விமானிக்கான திறனறி சோதனையை ஆயுளில் ஒரே ஒரு முறைதான் எழுதலாம். தோற்றால் இரண்டாம் வாய்ப்பு கிடையாது. இந்த வாசலில் திரும்பியவர்களில் மிகப் பிரபலமானவரைத் தமிழர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

ராமேஸ்வரத்துப் படகுக்காரரின் மகன் அப்துல் கலாம், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது சேர்க்கைக்குத் தேவைப்பட்டது சுமார் ஆயிரம் ரூபாய். அந்த வீட்டில் அது இல்லை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். விமானப் பொறியியல் படித்து, பெங்களூர் எச்.ஏ.எல்.லில் பயிற்சியாளராக எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிவிட்டு, விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனார். வந்திருந்தவர்கள் 25 பேர். எடுக்கப்பட்டவர்கள் 8 பேர். கலாமுக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். பறக்கும் ஆசை அத்துடன் முடிந்தது. அவர் ராக்கெட் பக்கம் போனது நாட்டின் அதிர்ஷ்டம் என்று சொல்வது சுலபம். ஒன்பதாவதாக வந்த மற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. 2006-ல், குடியரசுத் தலைவராக, 74-வது வயதில், புனேயில் சுகோய்-30 போர்விமானத்தின் துணை விமானி இருக்கையில் கலாம் உட்கார்ந்தார்.

விமானப்படைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன வாசலும் உண்டு: என்.சி.சி.யின் விமானப் பிரிவு. கல்லூரி மாணவர்களுக்கு 'மைக்ரோலைட்' எனப்படும் சிறு விமானத்தில் பயிற்றுநருடன் பறக்கும் வாய்ப்பைத் தருகிறது. பைசா செலவில்லை. பெங்களூரில் அதற்கான தளமும் ஜக்கூர்தான். கிடைப்பது சில மணி நேரமோ அதற்கும் குறைவோதான். உரிமத்துக்கு வேண்டிய 200 மணிக்கு அது எட்டாது. ஆனால் தனக்கு வானம் ஒத்துவருமா, வயிற்றைப் புரட்டுமா என்பதை லட்சங்களைக் கட்டுமுன் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை. விமானப் பிரிவில் 'சி' சான்றிதழ் வாங்கினால் விமானப்படைத் தேர்வில் எழுத்துத் தேர்வைத் தாண்டி நேராக வாரியத்துக்குப் போகலாம். பள்ளி, கல்லூரிகளில் இதைச் சொல்லித்தருபவர்கள் குறைவு.

பத்திரம் கொண்டு வந்தீர்களா?

சிவில் விமானி ஆக வேண்டுமென்றால் கடைசியில் வங்கிதான். விமானிப் பயிற்சிக்குக் கல்விக் கடன் கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்ற விமானிப் பயிற்சி பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. சிக்கல் ஜாமீனில் இருக்கிறது. ஏழரை லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை. 2015-ல் மத்திய அரசு ஏற்படுத்திய கடன் உத்தரவாத நிதி அதுவரைக்கும் பின்னால் நிற்கும். அதற்கு மேலே ஒரு ரூபாய் போனாலும் வீடு, நிலம், வைப்புநிதி என்று ஏதாவது ஒன்று வங்கியின் இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும்.

ஏழரை லட்சத்தில் ஒருவர் ஐம்பது மணி நேரம் பறக்கலாம். அதாவது உரிமத்தில் கால்வாசி.

ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். மாணவர் என்றால் வங்கிகளே வரம்பைத் தளர்த்திக்கொண்டு வாசலில் காத்திருக்கின்றன. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டமும் ஜாமீன் இல்லாத கடனைத்தான் தருகிறது. ஆனால் தேசியத் தரவரிசையை வைத்துத் தேர்ந்தெடுத்த 860 உயர்கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு. பறக்கும் பள்ளிகள் அந்தத் தரவரிசைப் பந்தயத்திலேயே இல்லை.

சொந்த வீடு இருக்கிறவர்களுக்கு அடுத்த கேள்வி தவணை. 40 லட்சம் ரூபாயை 11 சதவீத வட்டியில் 15 ஆண்டுகளில் அடைக்க மாதம் 45,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். இரண்டு விமானி சம்பளம் வரும் வீட்டுக்கு இது ஒன்றுமில்லை. வேலை கிடைக்காத ஒரு பிள்ளையும் ஓய்வுபெறப் போகும் ஓர் அப்பாவும் இருக்கிற வீட்டுக்கு இது தூக்கம்.

விஜயவாடாவின் ஆனி திவ்யாவின் கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வுபெற்றவரின் மகள். 17 வயதில் ஃபர்சத்கஞ்ச் அகாடமியில் இடம் கிடைத்தபோது கட்டணம் சுமார் 15 லட்சம். பெற்றோர் கடனும் கைமாற்றுமாகப் புரட்டினார்கள். 19 வயதில் ஏர் இந்தியாவில் சேர்ந்தார். 2017-ல், 30 வயதில், போயிங் 777-ன் மிக இளைய பெண் கமாண்டர் என்று உலகம் பேசியது. கேட்க இனிமையான கதை. அதே இருக்கைக்கு இன்று மூன்று மடங்கு பணம் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிப்பாயின் ஓய்வூதியம் அதே வேகத்தில் உயர்ந்ததா என்பதையும்.

ஒடிசாவின் மல்காங்கிரியிலிருந்து வந்த அனுப்ரியா லக்ராவின் கதை இன்னும் நிதானமானது. பழங்குடி இனப் பெண், அப்பா காவல்துறையில் ஹவில்தார். பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 2012-ல் புவனேஸ்வர் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தார். குடும்பம் கடன் வாங்கியது, உறவினர்கள் கைகொடுத்தார்கள். தனியார் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்தது 2019-ல். இடையில் ஏழு ஆண்டுகள். பத்திரிகைகள் கடைசி நாளைக் கொண்டாடின. குடும்பத்துக்குத்தான் அந்த ஏழு ஆண்டுகளும் தெரியும்.

நின்றால் வட்டி

ஏன் இத்தனை ஆண்டுகள்? பணம் கட்டினாலும் விமானம் பறக்க வேண்டுமே. பயிற்சிப் பள்ளியில் தலைமைப் பயிற்றுநர் பதவி காலியானால் பயிற்சி நிற்கும். விமானம் பராமரிப்புக்குப் போனால் நிற்கும். மழைக்காலத்தில் மேகம் தாழ்ந்தால் நிற்கும். ஜக்கூருக்கு இவற்றோடு ஊர் வளர்ந்த கஷ்டமும் சேர்ந்தது. ஓடுபாதையின் மேற்கு முனையை ஒட்டிப் போகும் பெல்லாரி சாலையில் மேம்பாலம் எழுந்தபோது, விமானம் இறங்கும் பாதைக்கே இடைஞ்சல் ஆனது. பக்கத்தில் எலகங்கா விமானப்படைத் தளம், கொஞ்சம் வடக்கே தேவனஹள்ளி. இரண்டுக்கும் நடுவே சின்ன விமானம் வழிகேட்டுத்தான் போக வேண்டும். எலகங்காவில் ஏரோ இந்தியா கண்காட்சி நடக்கும் நாட்களில் வானம் விருந்தாளிகளுக்கு. அரசுப் பள்ளியின் பயிற்சி பலமுறை நெடுங்காலம் முடங்கிப்போனதற்கு இந்தக் காரணங்களில் ஒன்றோ பலவோ எப்போதும் இருந்தன.

இதைப் பணமாக மாற்றிப் பார்க்கலாம். 40 லட்சம் கடனுக்கு 11 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 4.4 லட்சம், மாதத்துக்கு ஏறத்தாழ 36,000 ரூபாய். விமானம் கொட்டகையில் நிற்கும் ஒவ்வொரு மாதமும் அது ஏறிக்கொண்டே இருக்கும். அரசாங்கத்தின் தாமதத்துக்கு மாணவனின் அப்பா வட்டி கட்டுகிறார். பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணம் எவ்வளவு என்பதல்ல. போன ஆண்டு இந்தப் பள்ளியில் ஒரு மாணவர் 200 மணி நேரத்தை எத்தனை மாதத்தில் முடித்தார் என்பது. பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கொடுக்காமல், பறந்த மணிக்கேற்பத் தவணையாகக் கட்ட முடியுமா என்பது இரண்டாவது.

அரசுகள் அடியோடு கைகட்டி நிற்கவில்லை. ஜக்கூரில் பயின்ற தலித், பழங்குடி மாணவர்களுக்குக் கர்நாடக நலத்துறைகள் கட்டணத்தை ஏற்றதுண்டு. தலித் மாணவர்களுக்காக மத்திய அரசு 2007-ல் தொடங்கிய உயர்தரக் கல்வித் திட்டத்தில் விமானிப் பயிற்சியும் இடம்பெற்றது. தனியார் பறக்கும் கிளப்புகளுக்கு அதில் வைக்கப்பட்ட உச்சவரம்பு ஆண்டுக்கு ரூ. 3.72 லட்சம். அந்தத் தொகையை நிர்ணயித்தவர்கள் எந்தக் கட்டணப் பட்டியலைப் பார்த்தார்கள் என்பது புதிர்.

கேரளம் ஒரு முறை முழுத் தொகையையும் எடுத்து வைத்தது. திருநம்பியான ஆடம் ஹாரி தென்னாப்பிரிக்காவில் தனியார் விமானி உரிமம் வாங்கியவர். அவர் யாரென்று தெரிந்ததும் குடும்பம் கைவிட்டது. படிப்பு நின்றது. ஊர் திரும்பி ஜூஸ் கடையில் வேலை பார்த்தார். செய்தி வெளியானதும் கேரள சமூக நீதித் துறை ரூ. 23.34 லட்சம் ஒதுக்கி, திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாடமியில் சேர வழிசெய்தது. பணம் வந்தது, அடுத்து மருத்துவச் சான்றிதழ் மறித்தது. ஹார்மோன் சிகிச்சையைக் காரணம் காட்டித் தடை எழுந்து, 2022 ஆகஸ்டில் தலைமை இயக்குநரகம் திருநர் விமானிகளுக்கெனத் தனி மருத்துவ நெறிமுறைகளை வெளியிட வேண்டியதாயிற்று.

மருத்துவம் என்றதும் ஒரு நடைமுறை விஷயம். வணிக விமானிக்கு முதல் வகுப்பு மருத்துவத் தகுதி கட்டாயம். முதன்முறை அந்தச் சோதனை நடக்கும் முக்கிய இடங்களில் ஒன்று பெங்களூர் பழைய விமான நிலையச் சாலையில் இருக்கும் விமானப்படையின் வான்வெளி மருத்துவக் கழகம். நிறக்குருடு, காது, இதயம் என்று எல்லாவற்றையும் சல்லடை போட்டுப் பார்ப்பார்கள். முதலில் பள்ளியில் பணம் கட்டிவிட்டுப் பிறகு கண் பரிசோதனைக்குப் போகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும்.

பணக்கார நாடுகளில் மட்டும் இது இலவசமா என்றால், இல்லை. அங்கும் விலை தலைசுற்றும். வித்தியாசம், பழைய விமானிகளும் சங்கங்களும் பை திறப்பதில் இருக்கிறது. அமெரிக்காவில் 1992-ல் தொடங்கிய 'யங் ஈகிள்ஸ்' திட்டத்தில் சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் தங்கள் செலவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரை வானில் ஏற்றிக் காட்டியிருக்கிறார்கள். இன்னும் பின்னால் போனால் பெஸ்ஸி கோல்மன். சிகாகோவின் ஒரு முடிதிருத்தும் கடையில் நகம் திருத்தும் வேலை பார்த்த கறுப்பினப் பெண். அமெரிக்காவில் எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை. சேமிப்போடு ஒரு கறுப்பினப் பத்திரிகை அதிபரும் ஒரு கறுப்பின வங்கிக்காரரும் உதவ, பிரெஞ்சு மொழி கற்று, பிரான்சுக்குப் போய், 1921-ல் உரிமத்தோடு திரும்பினார். கோயிலுக்குக் கோபுரமும் ஊருக்குக் கல்யாண மண்டபமும் கட்டிக்கொடுக்கும் தமிழ்ப் பணக்காரர்களில் ஒரு பிள்ளையின் பறக்கும் மணிகளுக்கு உபயம் எழுதியவர்கள் அபூர்வம்.

லாபம் ஒருவருக்கு, கடன் ஒருவருக்கு

இத்தனைக்கும் நாட்டுக்கு விமானிகள் வேண்டாமா என்றால், வேண்டும், ஏராளமாக வேண்டும். 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் 30,000 விமானிகள் தேவைப்படுவார்கள் என்று 2025-ல் விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடு சொன்னார். 2022-ல் 1,165 வணிக விமானி உரிமங்கள் வழங்கிய தலைமை இயக்குநரகம் 2023-ல் 1,622 வழங்கியது. தேவை விமான நிறுவனங்களுடையது. ஆனால் பயிற்சிச் செலவு அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை. அவர்கள் விளம்பரப்படுத்தும் 'கேடட்' திட்டங்களில் சேர்ந்தால் வேலை ஓரளவு நிச்சயம். பில் அரைக் கோடியைத் தாண்டி ஒரு கோடியை நெருங்கும், கட்டுவது மாணவரின் குடும்பம். பஸ் கம்பெனி டிரைவரிடம் பஸ் ஓட்டப் பழகும் டீசலுக்குக் காசு கேட்பதுபோல.

வேலை நிச்சயமில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கும் பெங்களூரே சாட்சி. ஜக்கூரில் ஹெலிகாப்டர் வாடகைத் தொழில் நடத்திய கேப்டன் கோபிநாத் 2003-ல் இங்கிருந்து ஏர் டெக்கனைத் தொடங்கியபோது வானம் எல்லாருக்கும் என்றார்கள். பிற்பாடு 'சூரரைப் போற்று' படத்துக்கு மூலமான கதை அது. அடுத்தடுத்துப் புதுக் கம்பெனிகள் வர, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கடன் வாங்கி உரிமம் எடுத்தார்கள். 2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்ததும் உரிமம் கையில், வேலை இல்லை. இதே ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொரு தடவையும் அனுபவசாலி விமானிகள் நூற்றுக்கணக்கில் சந்தைக்கு வர, புதிதாக உரிமம் வாங்கியவர் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டார். வேலையில்லாத விமானி சும்மா இருக்கவும் முடியாது. உரிமத்தை உயிரோடு வைத்திருக்கவே காசு கொடுத்துப் பறக்க வேண்டும்.

பயிற்சி இடங்களைக் கூட்டினால் விலை இறங்கும் என்பது மத்திய அரசின் எண்ணம். பறக்கும் பள்ளிகளிடம் விமான நிலைய ஆணையம் வாங்கிவந்த ராயல்டி கைவிடப்பட்டது. 2021-ல் பெலகாவி, கலபுரகி உள்பட ஐந்து விமான நிலையங்களிலும், அடுத்த சுற்றில் ஹூப்ளி, சேலம், கடப்பா உள்பட இன்னும் ஐந்திலும் புதிய பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஆக, இனி பறக்கக் கற்க சேலத்துப் பிள்ளை ராய்பரேலி வரை போக வேண்டியதில்லை. ரயில் செலவு மிச்சம். கட்டணப் பட்டியலில் லட்சங்கள் இறங்கியதாகத் தெரியவில்லை. ஜாமீன் இல்லாத கடனின் வரம்பும் அதே ஏழரை லட்சத்தில் நிற்கிறது.